“என் மனம் மரத்துவிட்டதா?” – ஒரு பயிற்சி மருத்துவரின் கடிதத்துக்குப் பதில்

தென்மாவட்டம் ஒன்றிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றும் இளம் பெண் மருத்துவர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். பெற்றோர் விவசாயக் கூலித் தொழிலாளர்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2020இல் கொண்டுவரப்பட்ட 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் முதல் ஆண்டே இடம் கிடைத்துச் சேர்ந்தவர். கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்தியது. மாணவியாக இருந்த காலத்தில், துணைக்கு ஆள் இல்லாத நோயாளிகளுக்கு இட்லி வாங்கிக் கொடுப்பது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களை எக்ஸ்ரே அறைக்குக் கூட்டிச் செல்வது என்று வார்டிலேயே கிடந்திருக்கிறார். “நீ படிக்க வந்தியா, தொண்டு செய்ய வந்தியா?” என்று தோழிகள் கேட்பார்களாம்.

இப்போது நிலைமை மாறிவிட்டது என்கிறார். பொது மருத்துவப் பிரிவில் ஒரு இரவுப் பணி. மகளுக்குத் துணையாக இருந்த மூதாட்டி ஒருவர், ட்ரிப்ஸ் பாட்டில் முடியப் போகிறது என்று சொல்ல மூன்றாவது முறையாக வந்தபோது, “ஒரு தடவை சொன்னா புரியாதா? போய் உட்காரும்மா” என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டார். அதே விடியலில் மாரடைப்போடு கொண்டுவரப்பட்ட 40 வயதுக்காரர் இறந்தார். கேஸ் ஷீட்டை எழுதி முடித்துவிட்டு, எந்தச் சலனமும் இல்லாமல் கேன்டீனுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறார். திரும்பி வந்தபோது அந்த மூதாட்டி பேப்பர் கப்பில் டீ வாங்கி வைத்திருந்தார். “ராத்திரி முழுக்க நின்னுக்கிட்டே இருந்தீங்களே தாயி” என்றாராம். அந்த டீயைக் குடிக்க முடியவில்லை, அன்றிலிருந்து தன்னையே பிடிக்கவில்லை என்று எழுதுகிறார். “எல்லாரும் இப்படித்தான் ஆவோம், பழகிக்கோ” என்றார்களாம் சீனியர்கள்.

இதை ஈடுகட்ட, பயிற்சிக் கால உதவித்தொகையில் பாதியை நோயாளிகளுக்கே செலவழிக்கிறார். பிறவி இதயக் குறைபாடுள்ள ஒரு குழந்தையின் படத்தையும் கேஸ் ஷீட்டையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு, தன் ஜிபே எண்ணிலேயே பணம் திரட்டினார். யூனிட் சீஃப் கடிந்துகொண்டதில் அவருக்கு மிகுந்த வருத்தம். விடுமுறை கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்த ஊரில் ஊசி போடுவது உட்பட இலவச மருத்துவம் பார்க்கிறார். பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு மலைக்கிராமம் ஒன்றுக்குச் சேவை செய்யப் போய்விடலாமா, அல்லது தான் மருத்துவத்துக்கே தகுதியில்லாதவளா என்று கேட்கிறார். பெற்றோர் மேல்படிப்பை எதிர்பார்க்கிறார்கள். கடைசிப் பத்தியில் இப்படி இருக்கிறது: “சில நாள் காலையில் கண் விழிக்காமலே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. மனநலப் பிரிவுக்குப் போகப் பயம். என் மருத்துவர் பதிவுக்கே சிக்கல் வந்துவிடும்.”

அன்புள்ள டாக்டர்,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியிலிருந்தே தொடங்குகிறேன். அதைப் போகிற போக்கில் எழுதி முடித்திருக்கிறீர்கள். மனநல மருத்துவர் என்ற முறையில் எனக்கு மற்ற எல்லாக் கேள்விகளையும்விட அந்த வரிகளே முக்கியமாகப் படுகின்றன.

முதலில் உங்கள் உடல்நலம்

வேலைப் பளுவினால் வரும் களைப்பும் மனச்சோர்வு நோயும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஓய்வு கிடைத்த நாளில் நன்றாகத் தூங்கி எழுந்ததும் மனம் கொஞ்சமாவது தெளிகிறதா, வீட்டுக்குப் போனால் தம்பியோடு சிரித்துப் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிகிறது என்றால் களைப்பின் பங்கு பெரியது. விடுமுறையிலும் தூக்கம் வரவில்லை, பசி இல்லை, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை, எதற்கெடுத்தாலும் குற்ற உணர்ச்சி, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம், இவை இரண்டு வாரங்களுக்கு மேல் நாள் முழுவதும் தொடர்கின்றன என்றால், அது சிகிச்சை தேவைப்படும் நோய். இதே வரலாற்றை ஒரு நோயாளி உங்களிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே மனநலப் பிரிவுக்கு ரெஃபர் செய்திருப்பீர்கள். உங்களுக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்?

ஆகவே இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். சொந்தக் கல்லூரியில் பார்க்கக் கூச்சமாக இருந்தால் பக்கத்து மாவட்டத்து அரசு மருத்துவமனைக்கோ தனியார் மருத்துவரிடமோ செல்லுங்கள். ‘கண் விழிக்காமல் போயிருந்தால்’ என்ற எண்ணம் எந்த நேரத்திலாவது ‘எப்படிச் சாவது’ என்ற திசைக்குத் திரும்பினால், அந்த நிமிடமே அறைத்தோழியை எழுப்புங்கள், தனியாக இருக்காதீர்கள், உங்கள் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே செல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், அரசின் மருத்துவ உதவி எண்ணான 104ஐயும் அழைக்கலாம்.

பதிவுக்குச் சிக்கல் வரும் என்ற பயம் தவறானது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றார் என்பதற்காக ஒருவருக்கு மருத்துவக் கவுன்சில் பதிவை மறுக்க இங்கே விதி கிடையாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாகக் காக்கும் உரிமையை அவருக்குத் தெளிவாகவே தந்திருக்கிறது. நோயாளியாக நீங்கள் அமரும்போது அந்த உரிமை உங்களுடையது. இந்தப் பயத்தில் நீங்கள் தனியாகவும் இல்லை. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024இல் தந்த அறிக்கையில், மருத்துவ மாணவர்களிடையே மனநலப் பிரச்சினைகளும் தற்கொலை எண்ணங்களும் கணிசமாக இருப்பதைப் பதிவு செய்திருக்கிறது. உறைவிட மருத்துவர்களின் பணிநேரம் வாரத்துக்கு 74 மணியைத் தாண்டக் கூடாது, வாரம் ஒரு நாள் கட்டாய ஓய்வு வேண்டும் என்றும் பரிந்துரைத்திருக்கிறது. பரிந்துரை சட்டமாகாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் யூனிட் சீஃபிடம் பணிநேரம் பற்றிப் பேசப்போகும்போது, ‘சோம்பேறித்தனமாகக் கேட்கிறேனோ’ என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை என்பதற்கு அது போதிய ஆதாரம்.

மரத்துப்போனது எது?

‘என் இரக்கம் செத்துவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். இரக்கம் செத்தவர்கள் ஒரு பேப்பர் கப் டீயை நினைத்து மாதக்கணக்கில் மருகுவதில்லை. இருந்தாலும் உங்களிடம் ஏதோ ஒன்று குறைந்திருக்கிறது என்பதை மறுத்து உங்களைச் சமாதானப்படுத்த நான் விரும்பவில்லை. குறைந்திருப்பது உண்மைதான். அது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல.

அமெரிக்காவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் முகமதுரெசா ஹோஜத் குழுவினர் ஒரே மாணவர் அணியின் பரிவை ஆண்டுக்காண்டு அளந்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். முதலிரண்டு ஆண்டுகளில் பெரிய மாற்றம் இல்லாமல் இருந்த பரிவு மதிப்பெண், மூன்றாம் ஆண்டில் சரிந்தது. அங்கே மூன்றாம் ஆண்டு என்பது மாணவர்கள் வார்டுக்குள் முழுநேரமாக நுழையும் ஆண்டு. நோயாளியின் பக்கத்தில் போகப் போகப் பரிவு வளரும் என்று நாம் எதிர்பார்ப்போம், நடந்தது நேர்மாறு. நோயாளிகள் அதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அவர்களைச் சந்திக்கும் சூழ்நிலைதான் காரணம்: தூக்கமின்மை, தவறு செய்துவிடுவோமோ என்ற பயம், மேலிருந்து விழும் திட்டு, கேட்டுக் கற்க ஒரு நல்ல முன்மாதிரி இல்லாமை.

அவசரம் மனிதரை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று ஒன்று உண்டு. ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட சோதனை அது. பிரின்ஸ்டனில் பாதிரியார் ஆவதற்குப் படிக்கும் 40 மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் பேச அனுப்பினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் பேச வேண்டிய பொருளே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய, பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதைதான். போகும் வழியில் ஒருவர் இருமியபடி சுருண்டு கிடக்கும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது, ஓடு என்று சொல்லப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 சதவீதம். நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பது குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை. அந்த மாணவர்களை யாரும் கல்நெஞ்சர்கள் என்று சொல்ல மாட்டோம். உங்களையும் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரவெல்லாம் நின்றுகொண்டிருந்த ஒருவர், மூன்று வேலைகளைப் பாதியில் வைத்துக்கொண்டு, நான்காவதாக ஒரு குரலைக் கேட்டார். அதுதான் நடந்தது.

அந்த 40 வயதுக்காரர் இறந்தபோது எதுவும் தோன்றவில்லை என்பதையும் இப்படித்தான் பார்க்கிறேன். விடிய விடிய விழித்திருந்த உடம்பு அந்த நேரத்தில் அழுவதற்கான தெம்பை ஒதுக்கவில்லை. நீங்கள் சாப்பிட்டது சரியான செயல். அடுத்த நோயாளிக்கு அது தேவைப்பட்டது. இந்த உணர்வின்மை நிலையாகத் தங்கிவிடுவதுதான் கவலைக்குரியது. நோயாளியைப் பெயரால் அல்லாமல் ‘அந்த லிவர் கேஸ்’, ‘ஆறாம் நம்பர் பெட்’ என்றே நினைக்கத் தொடங்குவதும், எதைச் செய்தும் பயனில்லை என்று தோன்றுவதும், களைப்போடு சேர்ந்து வந்தால், கிறிஸ்டினா மஸ்லாக் என்ற உளவியலாளர் வகுத்துச் சொன்ன பணிச்சோர்வின் மூன்று கூறுகளும் வந்துவிட்டன என்று பொருள். “பழகிக்கோ” என்று சொல்லும் சீனியர்கள் பெரும்பாலும் அந்த நிலையில் இருப்பவர்கள்தாம். அவர்களை வெறுக்க வேண்டாம். அந்த அறிவுரையை மட்டும் ஏற்க வேண்டாம்.

இன்னொரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதம் முழுவதும் இரண்டும் கலந்து கிடக்கின்றன. நோயாளியின் வலியை நாமும் நம் உடம்பில் ஏற்றுக்கொண்டு துடிப்பது ஒன்று. அவருக்கு நல்லது நடக்க வேண்டும் என்ற அக்கறையோடு அவர் பக்கத்தில் நிற்பது மற்றொன்று. தானியா சிங்கர் முதலிய நரம்பியல் ஆய்வாளர்கள், இவை மூளையில் வெவ்வேறு பகுதிகளோடு தொடர்புடையவை என்றும், முதலாவது ஆளைத் தளர்த்தி விலகி ஓடச் செய்யும், இரண்டாவது தாங்கும் சக்தியைத் தரும், அதைப் பயிற்சியால் வளர்க்கவும் முடியும் என்றும் காட்டியிருக்கிறார்கள். மாணவியாக இருந்தபோது ஒவ்வொரு நோயாளிக்காகவும் துடித்தீர்கள். அப்போது உங்கள் கையில் எந்தப் பொறுப்பும் இல்லாததால் அது முடிந்தது. இன்று பொறுப்பு வந்துவிட்டது. பழையபடி துடிக்க முடியவில்லை என்பதால் அன்பே போய்விட்டது என்று எண்ணுகிறீர்கள். அக்கறைக்குக் கண்ணீர் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. போட வேண்டிய ஊசியை நேரத்துக்குப் போட்டதும், இறந்தவரின் மனைவியிடம் நின்று பேசியதும் அக்கறைதான்.

அந்தத் தாய் எதற்காக மூன்று முறை வந்தார்?

இதை நீங்கள் யோசித்துப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. பாட்டில் காலியானால் குழாய் வழியாகக் காற்று உள்ளே போய் உயிருக்கு ஆபத்து என்ற பயம் நம் வார்டுகளில் மிகப் பரவலானது. துணைக்கு இருப்பவர்கள் இரவெல்லாம் கண்கொட்டாமல் பாட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதனால்தான். மேலே தொங்கவிட்ட பாட்டிலிலிருந்து தானாக இறங்கும் திரவம், பாட்டில் காலியானதும் குழாயில் ஓரளவு இறங்கி, சிரைக்குள் இருக்கும் அழுத்தத்துக்குச் சமமானதும் பொதுவாக நின்றுவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. தன் மகள் தன் கண்முன்னே செத்துவிடுவாள் என்று நினைத்த ஒரு தாய் மூன்று முறைதான் வந்திருக்கிறார்.

முதல் முறை வந்தபோதே, “காத்து உள்ள போயிரும்னு பயப்படுறீங்களாம்மா? போகாது. காலியானா அதுவா நின்னுடும். சிஸ்டர் வந்து மாத்துவாங்க” என்று சொல்லியிருந்தால் கால் நிமிடம் ஆகியிருக்கும், அடுத்த இரண்டு முறை அவர் வந்திருக்க மாட்டார். பரிவுக்கு நேரமில்லை என்று நம் தொழிலில் எல்லோரும் சொல்கிறோம். பெரும்பாலான நேரங்களில், பயம் என்ன என்று ஒரு வார்த்தை கேட்பது நேரத்தை மிச்சப்படுத்துகிறது. ஹோவர்ட் பெக்மன், ரிச்சர்ட் ஃபிராங்கல் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கியதும் மருத்துவர்கள் சராசரியாக 18 விநாடிகளில் இடைமறித்தார்கள் என்று தெரியவந்தது. இடைமறிக்கப்பட்டவர் தன் முக்கியக் குறையைச் சொல்லாமலே எழுந்து போகிறார், மறுநாள் மீண்டும் வருகிறார்.

உங்களால் உடனே செய்யக்கூடியவை எளிமையானவை. சுற்றி வரும்போது ஒரு நோயாளியிடமாவது ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசுங்கள். நின்றுகொண்டு பேசுவதைவிட அதிக நேரம் இருந்தது போல நோயாளிக்குத் தோன்றும் என்பது ஆய்விலும் தெரிந்த விஷயம். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இரவுப் பணி தொடங்கும்போதே, ட்ரிப்ஸ் ஏறும் படுக்கைகளில் துணைக்கு இருப்பவர்களிடம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடுங்கள். அந்த மூதாட்டி இன்னும் வார்டில் இருந்தாலோ, மகளை ஓ.பி.க்கு மறுபரிசோதனைக்குக் கூட்டி வந்தாலோ, “அன்னைக்குக் கத்திட்டேம்மா, மன்னிச்சுக்கோங்க” என்று சொல்லலாம். மருத்துவர் நோயாளியிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை குறையும் என்று நம் மருத்துவமனைகளில் ஒரு எண்ணம் இருக்கிறது. நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் அவர் ஊருக்குத் திரும்பியிருந்தால் முகவரியைத் தேடிப் போகாதீர்கள். அது உங்கள் மனச்சுமையை அவர் வாசலில் கொண்டுபோய் இறக்குவதாகிவிடும்.

பணமும் படமும்

உங்கள் யூனிட் சீஃப் கடிந்துகொண்டது சேவை மனப்பான்மைக்கு எதிரான செயல் என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் நான் அவர் பக்கம் நிற்கிறேன், அவர் சொன்ன விதம் எப்படி இருந்திருந்தாலும் சரி. மருத்துவர்களின் தொழில்முறை நடத்தைக்கான 2002ஆம் ஆண்டு விதிமுறைகள் நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கின்றன. அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தையோ நோய் விவரத்தையோ அவரது அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்கின்றன. தாயிடம் கேட்டுத்தான் போட்டேன் என்கிறீர்கள். குழந்தைக்குச் சிகிச்சை தரும் டாக்டரம்மா கேட்கும்போது மாட்டேன் என்று சொல்லும் தைரியம் எந்தத் தாய்க்கு வரும்? அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவளான பிறகும், ஊர் முழுக்கப் பரவிய அந்தப் படத்தைத் திரும்பப் பெற முடியாது. பணம் உங்கள் சொந்தக் கணக்குக்கு வந்தது இன்னொரு ஆபத்து. நாளைக்கு யாராவது கணக்குக் கேட்டால் உங்கள் நல்லெண்ணத்துக்கு ரசீது கிடையாது. மிச்சமிருக்கும் தொகையை, வரவு செலவை எழுதி, சீஃபிடம் காட்டிவிட்டு, அவர் முன்னிலையில் குடும்பத்திடம் ஒப்படைத்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதைவிட என்னை உறுத்துவது வேறு. பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளைக் கண்டறிந்து சிகிச்சைக்கு அனுப்புவதற்கென்றே ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியத் திட்டம் 2013 முதல் இருக்கிறது. அதன்கீழ் வரும் குழந்தைகளைப் பார்க்க மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் உள்ளன. பிறவி இதயக் குறைபாடு அந்தத் திட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. காப்பீட்டு அட்டை இல்லையென்றால், குடும்ப அட்டையையும் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றையும் வைத்து எடுத்துத் தர வழி இருக்கிறது. இவற்றைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. சேவை செய்யத் துடிக்கும் இளம் மருத்துவர்கள் படிவங்களைச் சேவையாக நினைப்பதில்லை. ஆனால் ஒரு கூலித் தொழிலாளியின் கையைப் பிடித்து, எந்த கவுன்ட்டரில் எந்தத் தாளைக் கொடுக்க வேண்டும் என்று காட்டுவது, உங்கள் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுக்கும் 2,000 ரூபாயைவிட அந்தக் குடும்பத்துக்குப் பல மடங்கு பயன் தரும். உங்கள் மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மையத்தில் இருப்பவரோடும் மருத்துவ சமூகப் பணியாளரோடும் ஒரு மதிய நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உதவித்தொகையில் நீங்கள் கொடுக்க விரும்பினால், மாதத் தொடக்கத்திலேயே ஒரு சிறு தொகையை ஒதுக்கி, அது தீர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். குற்ற உணர்ச்சியைத் தணிக்கக் கொடுக்கும் பணத்துக்கு அளவே இருக்காது.

சொந்த ஊரில் மருத்துவம்

இதை உடனே நிறுத்தச் சொல்கிறேன். உங்களிடம் இருப்பது தற்காலிகப் பதிவு. பயிற்சிக் காலத்தில் நீங்கள் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில், மூத்தவர்களின் மேற்பார்வையில் மட்டுமே பணியாற்றலாம். தனியாகச் சிகிச்சை செய்யவோ, உங்கள் கையொப்பத்தில் மருத்துவச் சான்றோ இறப்புச் சான்றோ தரவோ உரிமை இல்லை. வீட்டுத் திண்ணையில் போட்ட ஊசி ஒருவருக்கு ஒவ்வாமையை உண்டாக்கினால், காப்பாற்ற அங்கே ஆக்சிஜனும் இல்லை, ஆளும் இல்லை, உங்களைக் காக்கச் சட்டமும் இல்லை. ‘இலவசமாகத்தானே செய்தேன்’ என்பது எந்த விசாரணையிலும் பதிலாகாது. ஊர் மக்கள் உங்களை நம்புகிறார்கள் என்றால், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்ட பெரியவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளரிடமோ சேர்த்துவிடுங்கள். அதற்கு ஊசி வேண்டாம், உங்கள் வார்த்தை போதும்.

மலைக்கிராமமும் மேல்படிப்பும்

பயிற்சியை விட்டுவிடாதீர்கள். 12 மாதம் முடித்தால்தான் நிரந்தரப் பதிவு. அது இல்லாமல் எந்த மலைக்கிராமத்திலும் நீங்கள் மருத்துவர் ஆக முடியாது. உடல்நலக் காரணத்தால் ஓய்வு தேவை என்று உங்களைப் பார்க்கும் மனநல மருத்துவர் சொன்னால், முறையாக விடுப்பு எடுங்கள். அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டினால் அந்த நாட்கள் பயிற்சியின் முடிவில் கூட்டப்படும், அவ்வளவுதான். சில வாரங்கள் தள்ளிப்போவதால் யாருடைய வாழ்க்கையும் பாழாகவில்லை. பயிற்சியில் சமூக மருத்துவத்துக்கு 12 வாரங்கள் உண்டு. அதை ஓய்வெடுக்கும் காலமாகக் கழிக்காமல், கிராமப் பணி உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்கும் காலமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்குப் போய்ச் சாதித்தவர்களை நீங்கள் ஆதர்சமாகக் குறிப்பிடுகிறீர்கள். தருமபுரி மாவட்டம் சிட்லிங்கியில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் தொடங்கிய பணியை எடுத்துக்கொள்வோம். அவர்கள் வார்டைப் பார்த்துப் பயந்து மலைக்கு ஓடவில்லை. காந்திகிராமத்தில் மருத்துவமனைப் பணி செய்து, தேவையான பயிற்சியும் பெற்ற பிறகுதான் சென்றார்கள். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 150 பேர் ஓராண்டுக்குள் இறந்துகொண்டிருந்த பள்ளத்தாக்கு அது. அங்கே அவர்கள் செய்த முதன்மையான காரியம், பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தது. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையில், அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் கொடுக்கக்கூடியவர்களிடம் வாங்கி, கொடுக்க முடியாதவர்களுக்கு இலவசமாகச் செய்யும் ஏற்பாட்டை நிலைநிறுத்தியதால்தான் அது இன்றும் நடக்கிறது. இவர்களுடைய இரக்கம் பெரியது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதைத் தாங்கி நிறுத்தியது கைத்திறமையும், கூட இருந்த ஆட்களும், கணக்கு வழக்கும். தனியாளாக, அரைகுறைப் பயிற்சியோடு, மனம் உடைந்த நிலையில் மலையேறுபவர் அங்கிருப்பவர்களுக்கு இன்னொரு சுமையாகிவிடுவார்.

‘சேவை அல்லது மேல்படிப்பு’ என்று நீங்கள் இரண்டாகப் பிரித்திருப்பதும் சரியல்ல. பயிற்சி முடிந்ததும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி, உதவி மருத்துவராக ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேரலாம். வீட்டுக்கு ஒழுங்கான சம்பளம் வரும். கிராம மக்களுக்குச் சட்டப்படியே மருத்துவம் பார்ப்பீர்கள். அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்குப் பட்டமேற்படிப்பில் தனி ஒதுக்கீடு வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்திருக்கிறது. சில ஆண்டுகள் வேலை பார்த்து, எந்தத் துறை உங்கள் மக்களுக்கு அதிகம் தேவைப்படுகிறது என்று கண்ணால் கண்டு தெரிந்துகொண்ட பிறகு, அந்த வழியில் மேல்படிப்புக்குப் போகலாம். பெற்றோரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். மகள் படிப்பை விட்டுவிடுவாளோ என்பதுதான் அவர்கள் பயமாக இருக்கும். சம்பளத்தோடு சில ஆண்டு தள்ளிப் படிப்பதை எதிர்க்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். ‘அரசுக் காசில், ஒதுக்கீட்டில் படித்தவள், மற்றவர்களைவிட நான் இரண்டு மடங்கு திருப்பிக் கொடுக்க வேண்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வகுப்பில் அரசுக் கல்லூரி இடத்தில் படித்த ஒவ்வொருவருடைய படிப்புக்கும் மக்களின் வரிப்பணம்தான் போயிருக்கிறது. உங்கள் கட்டணம் மட்டும் கண்ணுக்குத் தெரியும்படி கட்டப்பட்டது, மற்றவர்களுடைய செலவு கண்ணுக்குத் தெரியாதபடி போனது. அந்த இடம் உங்கள் உரிமை. அரசுப் பள்ளியிலிருந்து வந்த பெண் என்பதற்காக நீங்கள் கூடுதலாகத் தூங்காமல் இருக்க வேண்டும், கூடுதலாகக் கொடுக்க வேண்டும், ஒரு முறைகூடக் கோபப்படக் கூடாது என்ற நிபந்தனை எந்த அரசாணையிலும் இல்லை. அதை உங்கள் தலையில் நீங்களே ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் பட்டிருப்பது வகுப்பில் எல்லோரும் பட்டிருக்கும் அதே கடன். உங்களிடம் வரும் நோயாளியைக் கவனமாக, மரியாதையாக, திறமையாகப் பார்த்தால் அது தீர்ந்துகொண்டே வரும்.

இந்த வாரத்துக்கு மூன்று வேலைகள்: மனநல மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள், யூனிட் சீஃபைத் தனியாகச் சந்தித்து, திரட்டிய பணத்தின் கணக்கையும் அடுத்தடுத்து வரும் உங்கள் இரவுப் பணிகளைப் பற்றியும் பேசுங்கள், அந்தக் குழந்தையின் பெற்றோரைக் காப்பீட்டு உதவி மையத்துக்கு அனுப்பிவையுங்கள். மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.